வீடு தேடி வரும் நாய்ப் பராமரிப்பு வண்டியும் நாய் வளர்ப்போர் அறிய வேண்டியவையும்

கொல்லிமலையில் நிலமுள்ள குடியானவர்களுள் நாய் வளர்க்காதவர் மிகச் சிலரே. மரவள்ளிக் கிழங்கு பருக்கும் காலத்தில் காட்டுப்பன்றி, அன்னாசி பழுக்கும் காலத்தில் குரங்கு, இரவில் முள்ளம்பன்றி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிருக்குச் சேதம் வந்துகொண்டே இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்க ஆள் கிடைப்பதும் அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே காவலின் பெரும் பாகத்தை நாயே ஏற்றுக்கொள்கிறது. ஆயினும், கறவை மாட்டின் மடியையும் உழவு மாட்டின் கழுத்தையும் நாடோறும் பார்க்கிற நாம், நாயின் தோலையும் காதையும் நகத்தையும் பார்ப்பதில்லை. நாய் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் தவறு என்பதைப் பின்வரும் விவரங்களால் அறியலாம்.

சமீப வருஷங்களில் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் நாயைக் குளிப்பாட்டி, மயிர் கத்தரித்து, நகம் வெட்டி, காது துடைத்துவிடும் வேலையை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். இதற்கென்றே அமைக்கப்பட்ட மோட்டார் வண்டி நாய் வளர்ப்போரின் வாயிலுக்கு வந்து நிற்கிறது. மலையிலிருந்து கீழே சென்று குடியேறிய பிள்ளைகளும் உறவினரும் இவ்வண்டியைப் பற்றிச் சொல்லக் கேட்டு, "நமது நாய்க்கும் இது வேண்டுமா? இதனால் லாபம் உண்டா?" என்று நம்மவர் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைச் சுருக்கமாக முன்னரே சொல்லிவிடுவோம். வண்டி செய்வது ஒரு நாள் வேலை. அது நன்றாகச் செய்யப்பட்டால் நன்மையே. ஆனால் நாயின் சுகம் மற்ற நாட்களில் வளர்ப்பவரின் கையிலும், நாய் படுத்து உறங்கும் இடத்திலும் இருக்கிறது.

வண்டியின் அமைப்பு

இவ்வண்டி பெரும்பாலும் ஒரு சிறிய சரக்கு வேன். உட்புறத்தில் நாயை நிறுத்திக் குளிப்பாட்டும் தொட்டி, நல்ல நீர் கொள்ளும் தொட்டி ஒன்று, கழிவு நீர் சேரும் தொட்டி ஒன்று, மேஜை, மயிர் வெட்டும் மின்சாரக் கத்தரி யந்திரம், காற்றினால் மயிரை உலர்த்தும் யந்திரம் ஆகியவை இருக்கும். மின்சாரத்திற்கு ஜெனரேட்டரோ பாட்டரியோ வைத்திருப்பார்கள். சிலர் வீட்டு மின்சாரத்தையும் வீட்டுத் தண்ணீரையுமே கேட்டு வாங்கிக்கொள்வதுண்டு.

இதன் அனுகூலம் என்னவெனில், நாயைப் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பல நாய்கள் அடைபட்டுக் கிடக்கும் கடையில் விட்டுவிட்டு வர வேண்டியதும் இல்லை. வேலை நடக்கும்போது நாமே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிரதிகூலமும் உண்டு. அதே தொட்டியிலும் மேஜையிலும் அன்று காலை வேறு நாய்கள் நின்றிருக்கும். அதே சீப்பு அவற்றின் மேலும் பட்டிருக்கும். சொறி, படர்தாமரை இரண்டும் ஒரு நாயினின்று மற்றொரு நாய்க்குத் தொற்றுவன, படர்தாமரை சீப்பின் மூலமாகவும் பரவும், குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நமது மலை கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ளது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீர் நிறைந்த தொட்டியைச் சுமந்துகொண்டு ஒரு நாய்க்காக ஒரு வண்டி இப்பாதையில் ஏறி வருதல் எளிதன்று. வந்தாலும் அதன் கூலி அதிகமாகும். ஆகையால் வண்டியை அழைக்க விரும்புவோர் தனித்தனியே அழைப்பதைவிட, அக்கம்பக்கத்து ஊரார் பத்துப் பேர் கூடிச் செம்மேடு, சோளக்காடு போன்ற பொது இடத்திற்கு ஒரு நாளைக் குறித்து அழைப்பது சிலாக்கியம். நாயைக் கீழே கொண்டுசெல்வதாயிருந்தால், புறப்படுமுன் சில மணி நேரம் தீனி கொடாமல் இருப்பது நலம். இல்லையேல் வளைவுகளில் வாந்தி எடுக்கும். தண்ணீரை மட்டும் நிறுத்தலாகாது.

அழைக்குமுன் விசாரிக்க வேண்டியவை

கால்நடை வைத்தியம் செய்வோர் 1984-ம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களாய் இருக்க வேண்டும். நாய்க்கு மயிர் வெட்டுவோர் அவ்விதம் பதிவு பெற்ற வைத்தியர் அல்லர். சிலர் நல்ல பயிற்சி பெற்றவர். சிலர் யந்திரம் வாங்கிய மறுநாளே தொழிலைத் தொடங்கியவர். ஆகவே பின்வரும் விஷயங்களைக் கேட்டறிந்த பின்னரே நாயை ஒப்படைக்க வேண்டும்.

1. வேலை செய்பவர் எங்கே, எவ்வளவு காலம் பழகினார்? அவரிடம் முன்பு வேலை கொடுத்த இரண்டு மூன்று வீட்டாரின் அபிப்பிராயம் என்ன?

2. ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் இடையே சீப்பு, கத்தரி, மேஜை, தொட்டி ஆகியவற்றை எவ்விதம் சுத்தி செய்கிறார்? "தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம்" என்பது போதுமான விடையன்று. கிருமி நாசினி உபயோகித்து, அது வேலை செய்யும் மட்டும் விட்டு வைத்துப் பின் கழுவ வேண்டும்.

3. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டை அவர் நம்மிடம் கேட்கிறாரா? கேட்பவரே நல்லவர். கேட்காதவர், நமக்கு முன் வந்த நாய்களின் சீட்டையும் கேட்டிருக்க மாட்டார்.

4. என்ன மருந்து, என்ன ஷாம்பு உபயோகிக்கிறார்? பெயர்ச் சீட்டு ஒட்டிய புட்டியைக் காட்டுகிறாரா? பெயரற்ற புட்டியிலிருந்து எதையும் நாயின்மேல் ஊற்ற விடலாகாது.

5. கூலி எவ்வளவு, அதில் எந்தெந்த வேலை அடங்கும்? முன்னரே பேசிக்கொள்ளாவிட்டால் நகம் வெட்டத் தனி, காது துடைக்கத் தனி என்று ஏறிக்கொண்டே போகும்.

6. காயம் பட்டால் என்ன செய்வார்? அருகிலுள்ள கால்நடை மருந்தகம் எங்குள்ளது என்பதையாவது அறிவாரா?

தடுப்பூசிகள் முழுமையாக முடியாத குட்டிகளை இவ்வண்டியில் ஏற்றவே கூடாது. 1978-ம் வருஷ வாக்கில் உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பார்வோ என்னும் குடல் வியாதி குட்டிகளை இரண்டு மூன்று நாட்களிலேயே இரத்தபேதியால் மாய்த்துவிடக் கூடியது. அதன் கிருமி தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கும். சாதாரண சோப்புக்கு அழியாது.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

வளர்ப்பவர் கண்ணெதிரில் வேலை நடக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வேன் என்பவரிடம் நாயைக் கொடுக்க வேண்டாம். கதவு சாத்துவது நாய் தப்பி ஓடாமைக்காக என்றால், நாமும் உள்ளே இருப்போம் என்று கேட்கலாம்.

மேஜையின் மேல் நாயின் கழுத்தில் ஒரு சுருக்கைப் போட்டு நிறுத்துவது வழக்கம். சுருக்கு மாட்டிய நாயை விட்டு ஒரு நிமிஷமும் அகலலாகாது. நாய் குதித்தால் சுருக்கே தூக்குக் கயிறாகிவிடும். கடிக்கக்கூடிய நாய்க்கு வாய்க்கூடு போடலாம். ஆனால் நாக்கை நீட்டி இளைப்பதற்கு அதில் இடம் இருக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய் வழியாக இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயை இறுகக் கட்டி வெப்பக் காற்றில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

உலர்த்தும் யந்திரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாயைக் கூண்டில் அடைத்து, அதனுள் சூடான காற்றைச் செலுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது மிகவும் அபாயகரமான வழக்கம். இதனால் வெப்ப மயக்கம் கண்டு இறந்த நாய்கள் உண்டு. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, மிதமான காற்றில் கையால் மயிரைக் கோதிக்கொண்டே உலர்த்துவதுதான் முறை. மலையில் பனி மூட்டம் உள்ள காலங்களில் ஈரத்தோடு விடுவதும் தவறு. வெயில் உள்ள முற்பகலில் இவ்வேலையை வைத்துக்கொண்டால் யந்திரமே வேண்டியதில்லை.

அடர்ந்த இரட்டை மயிருள்ள பொமரேனியன் போன்ற நாய்களை வெயிற்காலத்தில் மழித்துவிட்டால் குளிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். மயிர் வெயிலையும் ஓரளவு தடுக்கும் போர்வை. மழித்த இடத்தில் சில நாய்களுக்கு மயிர் மீண்டும் ஒழுங்காக முளைப்பதில்லை. இத்தகைய நாய்க்கு உதிர்ந்த அடிமயிரைச் சீவி எடுப்பதே போதுமானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதி நாய்களுக்கும், ஊர் நாய்களுக்கும் மயிர் குட்டையானது. இவற்றின்மேல் கத்தரி யந்திரத்திற்கு வேலையே இல்லை. இவற்றுக்கு மயிர் வெட்டக் கூலி கேட்பவர் நமது அறியாமைக்குக் கூலி கேட்கிறார் என்று கொள்க.

நகத்தின் உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் உள்ள சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகையால் நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். காட்டிலும் மேட்டிலும் ஓடும் நாய்க்கு நகம் தானே தேய்ந்துவிடும். ஆனால் முன்காலின் உட்புறத்தில் தரையில் படாமல் நிற்கும் கட்டைவிரல் நகம் தேயாது. வளைந்து சதைக்குள் குத்திப் புண்ணாக்கும். அதை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

நாயை அடக்குவதற்கென்று மயக்க மருந்து கொடுக்கவோ, ஊசி போடவோ, புண்ணை அறுக்கவோ மயிர் வெட்டுபவருக்கு அதிகாரமில்லை. அது கால்நடை வைத்தியரின் வேலை.

உண்ணியின் வாழ்க்கையை அறிதல்

வண்டியை அழைப்பவர்களில் பெரும்பாலோர் உண்ணிக்காகவே அழைக்கிறார்கள். "உண்ணியை அடியோடு எடுத்துவிட்டோம்" என்று சொல்லிக் கூலி வாங்கிப் போகிறார்கள். சில வாரங்களில் உண்ணி மறுபடியும் வந்துவிடுகிறது. வண்டிக்காரர் ஏமாற்றினார் என்று நாம் கோபிக்கிறோம். உண்மை வேறு.

மாட்டின்மேல் காணும் சாதாரண உண்ணி, குஞ்சுப் பருவம் முதல் முதிரும் மட்டும் ஒரே மாட்டின்மேல் தங்கி வளர்வது. நாயின்மேல் காணும் பழுப்பு உண்ணி அப்படியன்று. அது குஞ்சுப் பருவத்தில் ஒரு முறை, இளம் பருவத்தில் ஒரு முறை, முதிர்ந்த பருவத்தில் ஒரு முறை ஆக மூன்று தடவை நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்து, ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து ஒளிந்துகொள்கிறது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும், கல் இடுக்கிலும், சாக்கின் அடியிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. உணவின்றியே பல மாதம் காத்திருக்கவும் அதனால் முடியும். எனவே நாயின்மேல் நாம் காணும் உண்ணி ஒரு பங்கானால், காணாமல் சுவரில் இருப்பவை பல பங்கு. நாயை மட்டும் கழுவுவது, களை விதை நிறைந்த நிலத்தில் மேலே தெரியும் புல்லை மட்டும் செதுக்குவதை ஒக்கும்.

இதற்கு இம்மலையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லலாம். அன்னாசியும் மரவள்ளியும் பயிரிடும் குடியானவர் ஒருவர், கீழே உள்ள உறவினர் வீட்டிற்குச் சென்றபோது தமது நாயையும் கொண்டுபோய், அங்கு வந்த வண்டியில் குளிப்பாட்டி உண்ணி எடுக்கச் செய்தார். வேலை நன்றாகவே செய்யப்பட்டிருந்தது. ஊர் திரும்பிய மூன்றாம் வாரத்தில் நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் மறுபடி கண்டன. கூலி வீணாயிற்று என்று அவர் மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. பிறகு சில மாதத்தில் நாய் தீனி தின்னாமல் சுருண்டு படுத்தது, காய்ச்சல் கண்டது, ஒரு நாள் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. கீழே கொண்டுபோய் இரத்தத்தைச் சோதித்ததில், உண்ணிக் கடியால் வரும் எர்லிக்கியா என்னும் கிருமி வியாதி என்று தெரிந்தது. வைத்தியர் 28 நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார். நாய் பிழைத்தது, ஆனால் ஏறக்குறைய இரண்டு மாதம் காவலுக்கு உதவவில்லை. அந்த இரண்டு மாதத்தில் பன்றிகள் அவரது மரவள்ளியில் நல்ல பாகத்தைக் கிளறிவிட்டன. நாய் படுத்திருந்த கொட்டகையின் மண் சுவரைப் பார்த்தபோது, வெடிப்புகள் தோறும் உண்ணி அடைந்து கிடந்தது. வெடிப்புகளைப் பூசி, சாக்குகளை எரித்து, தரையைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்த பிறகே தொல்லை குறைந்தது.

எர்லிக்கியா இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பற்றுகிறது. உண்ணியால் வரும் மற்றொரு வியாதியாகிய பபீசியா சிவப்பணுக்களை அழிக்கிறது. அதில் ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போகலாம். காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், சிறுநீர் நிறம் மாறுதல் இவற்றில் எது கண்டாலும் குளிப்பாட்டும் வண்டியை அழைக்காமல் கால்நடை வைத்தியரிடம் உடனே செல்ல வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஜாக்கிரதை

நமது வீடுகளில் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தில் மீதியை நாயின்மேல் பூசும் வழக்கம் இன்றும் சிற்சில இடங்களில் காணப்படுகிறது. இது கொலைக்கு ஒப்பானது. பயிர் மருந்து தோல் வழியே உட்செல்லும். நாய் தன்னை நக்கும்போது வாய் வழியாகவும் செல்லும். நாயைத் தொடும் குழந்தையின் கையிலும் ஒட்டும். முற்காலத்தில் காமாக்சின் தூளை நாய்க்கும் மாட்டுக்கும் தூவி வந்தார்கள். அவ்வகையைச் சேர்ந்த லிண்டேன் என்னும் மருந்தின் உபயோகம் நம் தேசத்தில் 2013-ம் வருஷம் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய டப்பாவில் எஞ்சியிருந்தாலும் அதை உபயோகிக்கலாகாது.

மாட்டுக்குரிய உண்ணி மருந்தை அளவு பாராமல் நாய்க்கு ஊற்றுவதும் தவறு. அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் முதலியவை சீட்டில் கண்ட அளவுக்கு மேற்பட்டால் நஞ்சு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து, கோலி முதலிய சில ஜாதி நாய்களுக்கு மூளையைத் தாக்கிக் கொன்றுவிடக் கூடும். நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்குக் கொடிய விஷம். வீட்டில் பூனை இருந்தால் அதை வண்டிக்காரரிடம் முன்னரே சொல்ல வேண்டும். தரை கழுவும் பினாயிலை நீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதும் கெடுதியே. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. துணி சோப்பு அதை வறட்டி அரிப்பை உண்டாக்கும்.

இன்று மாதம் ஒரு முறையோ சில மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகளும், பிடரியில் விடும் சொட்டு மருந்துகளும் கிடைக்கின்றன. நாயின் எடையை அறிந்து வைத்தியர் எழுதிக் கொடுத்தபடியே இவற்றை வாங்க வேண்டும்.

கழிவு நீரைப் பற்றியும் நினைக்க வேண்டும். இம்மலையில் பல ஊர்களுக்கு ஊற்றும் ஓடையுமே குடிநீர். டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்கும் நண்டுக்கும் தேனீக்கும் மிகச் சிறு அளவிலேயே நஞ்சாகும். மருந்திட்டுக் குளிப்பாட்டிய நீரை ஓடையில் விடலாகாது. ஓடையிலேயே நாயை நிறுத்தி மருந்திடவும் கூடாது. வண்டிக்காரர் கழிவு நீரை எங்கே கொட்டுகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெறிநோய்

நாயைக் குளிப்பாட்டும்போதும் நகம் வெட்டும்போதும் கடியும் கீறலும் நேர்வது சகஜம். ஆகவே இவ்வேலைக்கு முதற்படி வெறிநோய்த் தடுப்பூசி. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். நம் மாகாணத்தில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் ஏற்பட்டது. இத்தனை காலத்திற்குப் பின்னரும் வெறிநோய் கண்டபின் மனிதரைப் பிழைக்கச் செய்யும் நம்பகமான மருந்து இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி. குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் வைத்தியர் சொன்னபடி மறு ஊசியும், அதற்குப் பின் வருஷந்தோறும் ஒரு ஊசியும் போட்டுவர வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால், அது வளர்ப்பு நாயேயாயினும், உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்பலாகாது. நாயின் குரல் மாறினாலும், காரணமின்றி வெறித்துப் பார்த்தாலும், தண்ணீரை விழுங்க முடியாமல் வாயில் உமிழ்நீர் வடித்தாலும், தொண்டையில் எலும்பு சிக்கியது என்று நினைத்து வாய்க்குள் கை விடலாகாது. அப்படிப்பட்ட நாயைத் தனியே அடைத்து வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முறை

வண்டி வராத ஊரிலும் நாயின் பராமரிப்பு நிற்க வேண்டியதில்லை. வாரத்திற்கு ஒரு நாள், கால் மணி நேரம் போதும். வேண்டிய சாமான்கள் ஒரு பிரஷ், ஒரு முள்வாங்கி, சிறிது பஞ்சு, சோப்புக் கரைத்த நீர் ஒரு கிண்ணம் ஆகியவையே.

முதலில் நாயை வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, தலை முதல் வால் வரை மயிர் போகும் திக்கில் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு எதிர்த் திக்கில் விரலால் மயிரை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். காதின் உள்ளும் புறமும், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, வாலடி ஆகியவை உண்ணி தங்கும் இடங்கள்.

உண்ணியைக் கண்டால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, சோப்பு நீர்க் கிண்ணத்தில் போட வேண்டும். விரலால் நசுக்குவதும், பீடியால் சுடுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது. நசுக்கும்போது அதிலுள்ள கிருமி நம் கையில் படும். சுடும்போது உண்ணி தன் உமிழ்நீரை மேலும் நாயின் உடலுக்குள் விடக் கூடும்.

காதில் துர்நாற்றம், கறுத்த மெழுகு, தலையை அடிக்கடி உதறுதல் இவை காதுநோயின் குறிகள். காது மடலைப் பஞ்சால் துடைக்கலாம். குச்சியை உள்ளே விடலாகாது. குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு அடைத்து, பின்பு மறவாமல் எடுத்துவிட வேண்டும். வேலை செய்யும் ஊர் நாய்க்கு மாதம் ஒரு குளியல் போதும். அதிகம் குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பு கிடைக்காவிட்டால் வெறும் நீரே மேல்.

புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். சடைபிடித்த மயிரின் அடியில் உள்ள புண் வெளியே தெரியாது; நாற்றத்தாலேயே தெரியும். அந்நிலையில் வைத்தியரிடம் காட்டுவதற்குத் தாமதிக்கலாகாது.

நாய் படுக்கும் இடத்தின் சுவர் வெடிப்பை அடைத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் சுண்ணாம்பு அடிப்பதும், படுக்கைச் சாக்கை வாரந்தோறும் வெயிலில் காய வைப்பதும் இவ்வேலையின் சரிபாதி என்று கொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, தடுப்பூசி போட்ட தேதியை எதிரே குறித்து வைக்கலாம். கால்நடை மருந்தகத்தாரோடு கலந்து தடுப்பூசி முகாம் நடக்கும் நாளையும், பராமரிப்பு வண்டி வரும் நாளையும் ஒன்றாக வைத்தால், ஒரே பயணத்தில் இரண்டு காரியமும் முடியும். சீட்டில்லாத நாய்க்கு முதலில் ஊசி போட்டுவிடலாம். ஊசி போட்ட நாயை அன்றே குளிப்பாட்டலாமா என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி நிற்கும் இடம் ஊற்றுக்கும் ஓடைக்கும் அப்பால் இருக்குமாறு பார்த்து, கழிவு நீருக்கு ஒரு குழி வெட்டச் செய்வதும் அவர்கள் கடமை.

நாய்க்கோ மாட்டுக்கோ திடீரென்று ஆபத்து நேர்ந்தால் 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்குச் சொல்லி, அரசாங்கத்தின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். அது நோய்க்கு வரும் வண்டி; குளிப்பாட்டும் வண்டி வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. நமது ஜில்லாவில் நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அங்குள்ள சிகிச்சை நிலையத்தையும் கடினமான நோய்களுக்கு நாடலாம்.

முடிவாக ஒரு கணக்கைச் சொல்லி நிறுத்துவோம். நல்ல காவல் நாயைக் குட்டி முதல் பழக்கி எடுக்க ஒன்றரை இரண்டு வருஷம் பிடிக்கும். அந்த உழைப்பைச் சுவர் வெடிப்பில் கிடக்கும் ஓர் உண்ணி அழித்துவிடும். வண்டியை அழைக்க வசதியுள்ளோர் மேற்சொன்னவற்றை விசாரித்து அழைக்கட்டும்; வசதியில்லாதோர் வாரம் கால் மணி நேரம் தம் கையாலேயே செய்யட்டும். எவ்விதமாயினும், அறுவடைக்கு முன் வரும் இந்த மாதத்திலேயே நாயின் படுக்கைச் சுவரைப் பார்த்துப் பூசிவிடுவது, பன்றி வரும் காலத்தில் காவலுக்குக் குறைவில்லாமல் இருக்க உதவும்.